பழகிய காதும் புதிய ஒலியும்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் இசையைப் பற்றியவையே மிகுதி. அவற்றுள் பல ஒரே கேள்வியின் வெவ்வேறு வடிவங்களாக இருந்தமையால் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். ஒரு பாடல் நம்மை ஏன் உருக்குகிறது என்று சிலரும், பாடல்களின் ஒலி ஏன் இப்படி மாறிக்கொண்டே போகிறது என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் விடை ஓரிடத்தில் வந்து சேர்கிறது என்பது என் எண்ணம். ஆகவே பதில்களை வரிசையாகப் படித்தால் நல்லது.

கேள்வி: மொழி புரியாத ஒரு பாடலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று மயிர்க்கூச்செறிந்தது, கண்களும் கலங்கிவிட்டன. பொருளே தெரியாத ஓசை உடம்பை இப்படி ஆட்டிவைப்பது எவ்வாறு?

பதில்: சொற்களின் பொருள் உங்களுக்குத் தெரியவில்லை, குரலின் பொருள் தெரிந்திருக்கிறது. துயரத்தில் இருப்பவர் தாழ்ந்த குரலில், மெதுவாக, சொற்களை இழுத்துப் பேசுகிறார். சினங்கொண்டவர் உரத்து, விரைந்து, வெட்டி வெட்டிப் பேசுகிறார். மகிழ்ச்சியில் குரல் மேலேறித் துள்ளுகிறது. குழந்தைப் பருவம் முதல் இந்த அடையாளங்களைக் கேட்டுப் பழகிய காது, அவை வயலினிலிருந்து வந்தாலும் புல்லாங்குழலிலிருந்து வந்தாலும் இனங்கண்டுகொள்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர்கள் பாட்ரிக் யூஸ்லினும் பெட்ரி லவுக்காவும் பேச்சுக்குரலைப் பற்றிய 104 ஆய்வுகளையும் இசை நிகழ்த்துவதைப் பற்றிய 41 ஆய்வுகளையும் ஒன்றாக வைத்து ஒப்பிட்டு, 2003இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். உணர்ச்சியைக் காட்டுவதற்குப் பேசுபவர் கையாளும் வேகத்தையும் உரப்பையும் ஏற்ற இறக்கத்தையுமே பெரும்பாலும் இசைக் கலைஞர்களும் கையாளுகிறார்கள் என்பது அம்முடிவு.

குரலின் சாயல் மட்டுமே காரணமாக இருந்தால், யாரேனும் அழுவதைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு மயிர்க்கூச்செறிய வேண்டும். அப்படி நேர்வதில்லை. ஆகவே இரண்டாவது காரணம் ஒன்றைத் தேட வேண்டியிருக்கிறது. அதுவே முதன்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது. இசையைக் கேட்கும் மனம் வெறுமனே வாங்கிக்கொண்டிருப்பதில்லை. அடுத்து வரப்போவதை ஓயாமல் ஊகித்துக்கொண்டே இருக்கிறது. நான்கு தட்டு விழுந்துவிட்டால் ஐந்தாவது எப்போது விழும் என்பது அதற்குத் தெரியும். பாடகர் மேல்சுரத்தில் நின்று அசைந்துகொண்டிருந்தால், அவர் பாட்டின் அடிப்படைச் சுரமான ஆதார சட்ஜத்துக்கு இறங்கி வருவதற்காக அது காத்திருக்கிறது. இறங்கிவிட்டால் நிறைவு கிடைக்கிறது. இறங்காமல் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினால் தவிப்பு மிகுகிறது. எதிர்பார்த்த இடத்தில் எதிர்பாராத சுரம் வந்து, அதுவும் அங்கே கச்சிதமாகப் பொருந்திவிட்டால் மனம் ஒரு கணம் திகைத்துப் பிறகு மகிழ்கிறது. எதிர்பார்ப்பு தடைபடும் இடத்தில்தான் இசை உணர்ச்சி பிறக்கிறது என்று அமெரிக்க இசையியலாளர் லியோனார்ட் மேயர் 1956இல் எழுதினார். அப்போது அது பெரும்பாலும் சிந்தனையளவில் நின்ற கொள்கை.

மூளையைப் படம்பிடிக்கும் கருவிகள் வந்த பிறகு அதற்குச் சான்றுகள் கிடைக்கத் தொடங்கின. கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆன் பிளட், ராபர்ட் ஸட்டோரே ஆகிய இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கேட்பவருக்குச் சிலிர்ப்பு உண்டாகும் வேளையில், உணவும் போதைப்பொருளும் தூண்டுகிற அதே மூளைப் பகுதிகள் செயற்படுவதைக் காட்டினார்கள். பத்தாண்டு கழித்து, 2011இல், அதே நகரில் வலோரி சலிம்பூர் முன்னின்று நடத்திய ஆய்வு இன்னும் நுட்பமானது. பங்கேற்றவர்கள் தங்களைச் சிலிர்க்க வைக்கும் கருவியிசையைத் தாங்களே தேர்ந்து கொண்டுவந்தார்கள். அதில் சொற்களே இல்லை. சிலிர்ப்பு உண்டான கணத்தில் மூளையின் ஒரு பகுதியில் டோபமின் என்னும் வேதிப்பொருள் சுரந்தது. வியப்பு என்னவென்றால், அதற்குச் சில நொடிகள் முன்பே, அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே, வேறொரு பகுதியில் அது சுரக்கத் தொடங்கிவிட்டது. வருவதில் மட்டுமல்லாமல், வரப்போகிறது என்பதிலும் இன்பம் இருக்கிறது. நன்கு தெரிந்த பாடலை நூறாவது முறை கேட்டாலும் அலுக்காமல் இருப்பதற்கு இது ஒரு விளக்கம்.

மயிர்க்கூச்செறியும் இடங்களைக் கவனித்துப் பாருங்கள். மெல்லிய ஒலி சட்டென்று உரக்கும் இடம், தனிக்குரலோடு பலகுரல் வந்து சேரும் இடம், தாழ்ந்த சுருதியில் நடந்துகொண்டிருந்த பாட்டு திடீரென மேலே தாவும் இடம் ஆகியவற்றில்தான் அது பெரும்பாலும் நிகழ்கிறது. உடம்பில் உரோமம் நிமிர்வது குளிருக்கும் அச்சத்துக்குமான அனிச்சைச் செயல். எதிர்பாராத ஒலிமாற்றத்தைக் கேட்ட உடம்பு முதலில் அதை அபாயம் என்று எண்ணி எழுகிறது. அது பாட்டுத்தான் என்பதை அறிவு உடனே கண்டுகொள்கிறது. அந்த விடுபடலே இன்பமாக மாறுகிறது என்று விளக்குவோர் உண்டு. உள்ளத்து உணர்ச்சி மெய்யில் தோன்றுவதால் அதற்கு மெய்ப்பாடு என்று பெயரிட்டு, எட்டு வகையாகப் பிரித்துத் தனி இயலே எழுதிய தொல்காப்பியருக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கும். அவர் பட்டியலில் அச்சமும் உண்டு, உவகையும் உண்டு. இரண்டும் ஒரே நொடியில் சேர்ந்து வருவதற்குத்தான் அதில் தனிப்பெயர் இல்லை.

கேள்வி: எனக்கு எந்த இசையைக் கேட்டாலும் ஒன்றும் தோன்றுவதில்லை. நண்பர்கள் என்னைக் கல்மனம் படைத்தவன் என்கிறார்கள். இது குறைபாடா?

பதில்: குறைபாடு அன்று. காது நன்றாகக் கேட்டு, சுரங்களையும் தாளத்தையும் பிரித்தறியும் திறனும் இருந்து, மற்ற இன்பங்களையெல்லாம் நுகரும் மனமும் இருந்து, இசையில் மட்டும் இன்பம் காணாதவர்கள் இருக்கிறார்கள். பார்சிலோனாவில் ஆய்வாளர்கள் 2014இல் இவர்களைச் சோதித்தபோது, பணம் வெல்லும் விளையாட்டில் மற்றவர்களைப் போலவே இவர்களுடைய இதயமும் தோலும் எதிர்வினை காட்டின. இசைக்கு மட்டும் காட்டவில்லை. மக்களில் சுமார் 3 முதல் 5 விழுக்காட்டினர் இப்படி இருக்கக்கூடும் என்பது மதிப்பீடு. நண்பர்களிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

கேள்வி: மனம் நொந்திருக்கும்போது ஆறுதலுக்குச் சோகப் பாட்டைத்தான் தேடுகிறேன். துன்பத்தில் இருப்பவர் மேலும் துன்பத்தைத் தேடுவது முரண் அல்லவா?

பதில்: முரண்போலத் தோன்றுகிறதே ஒழிய முரண் அன்று. வாழ்க்கையில் வரும் துயரத்தில் ஓர் இழப்பு இருக்கிறது. அந்த இழப்பைத் தொடர்ந்து செய்ய வேண்டிய வேலைகளும் எடுக்க வேண்டிய முடிவுகளும் இருக்கின்றன. பாட்டில் வரும் துயரத்துக்கு இவை இல்லை. இழக்காமலேயே துக்கத்தின் உருவத்தை மட்டும் பார்க்கக் கிடைக்கிறது. அதோடு, நம்முடைய நிலையைத் தானும் அறிந்த ஒரு குரல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் போன்ற உணர்வும் கிடைக்கிறது. நொந்திருப்பவரிடம் வந்து துள்ளலாகப் பேசுபவரை நாம் விரும்புவதில்லை. துள்ளல் பாட்டையும் அப்போது விரும்புவதில்லை.

துயரப்படும்போதும் பாலூட்டும்போதும் சுரக்கும் புரோலாக்டின் என்னும் ஹார்மோன்தான் இந்த ஆறுதலுக்குக் காரணமாக இருக்கலாம் என்று டேவிட் ஹியூரன் என்னும் இசையியலாளர் 2011இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அழகான கருத்துத்தான், பத்திரிகைகள் அதை உண்மையாகவே எழுதிவிட்டன. பின்னர் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபோது அதற்கு ஆதரவு கிடைக்கவில்லை. ஆனால் சோக இசையை விரும்புவோர் அதை விரும்புவதற்குக் காரணம் சோகம் அன்று, உள்ளம் நெகிழ்வதே என்று யோன்னா வுவோஸ்கோஸ்கியும் டுவோமாஸ் எரோலாவும் 2017இல் எழுதியது எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. சோகம் வழியாக இருக்கிறது. நாம் போய்ச் சேர விரும்பும் இடம் நெகிழ்ச்சி. அந்த வழியில் எல்லோரும் பயணிக்க விரும்புவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறர் நிலையில் தம்மை எளிதாக வைத்துப் பார்ப்பவர்களே சோக இசையில் மிகுதியாக இன்பம் காண்கிறார்கள். ஆறுதல் கிடைக்காமல், ஒரே கவலையை மனம் மீண்டும் மீண்டும் அசைபோடவே பாட்டு உதவுகிறது என்றால் சிறிது நாள் அதை நிறுத்திவைப்பது நல்லது.

கேள்வி: இசை உலகப் பொதுமொழி என்கிறார்கள். உண்மைதானா?

பதில்: பாதி உண்மை. மேடைகளில் அதை முழு உண்மையாகப் பேசுகிறார்கள்.

வடக்குக் கேமரூனின் மலைப்பகுதியில் வாழும் மாஃபா மக்களிடையே, மேலைநாட்டு இசையை முன்பு கேட்டறியாதவர்களிடம் தாமஸ் ஃபிரிட்ஸ் என்பவர் அவ்விசையைப் போட்டுக் காட்டி, மகிழ்ச்சி, சோகம், அச்சம் என்னும் மூன்றைக் காட்டும் முகப்படங்களில் எது பொருந்தும் என்று கேட்டார். அவர்கள் தேர்ந்தவை, குருட்டாம்போக்கில் தேர்ந்தால் எத்தனை சரியாக வருமோ அதைவிட நன்றாகவே பொருந்தின. இது 2009இல் வெளியானது. சாமுவேல் மேரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2019இல் வெளியிட்ட பெரும் ஆய்வில், உலகின் பல சமூகங்களின் பாடல்களை ஒப்பிட்டு, தாலாட்டையும் ஆடற்பாட்டையும் அறியாத மொழியில் கேட்டாலும் அவை எதற்கானவை என்பதைக் கேட்போரால் பெரும்பாலும் ஊகிக்க முடிவதாகக் காட்டினார்கள். வேகம், உரப்பு, குரலின் தன்மை ஆகியவை எல்லையைக் கடக்கின்றன என்பதற்கு இவை சான்று.

சுரங்களின் உறவு அப்படிக் கடக்கிறதா என்பதில்தான் சிக்கல். இணை, கிளை, பகை, நட்பு என்று சுரங்களின் உறவை நான்காகப் பிரித்தது நம் பண்டை இசை இலக்கணம். பகைச் சுரங்களைச் சேர்த்து ஒலித்தால் காது கூசும் என்பது நமக்கு இயற்கையின் விதியாகவே தோன்றுகிறது. கிரேக்கரும் அவ்வாறே எண்ணினர். ஆனால் பொலிவியாவின் அமேசான் காடுகளில் வாழும் சிமானே மக்களிடம் ஜாஷ் மெக்டெர்மாட் குழுவினர் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், இயைந்த சுரக்கூட்டையும் இயையாத சுரக்கூட்டையும் அவர்கள் ஒரேயளவு இனிமையாகவே மதிப்பிட்டார்கள். அவர்களுடைய இசையில் பலர் சேர்ந்து வெவ்வேறு சுரங்களை ஒருங்கே பாடும் வழக்கம் இல்லை. ஆகவே எது பகை, எது நட்பு என்பதில் ஒரு பங்கேனும் பழக்கத்தால் வருவது. அடுத்த கேள்விகளுக்குப் பதில் சொல்ல இந்தப் பழக்கம் என்பதே எனக்குத் தேவைப்படுகிறது.

கேள்வி: மெதுவான இசை இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று படித்தேன். உண்மையா?

பதில்: இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி 2006இல் வெளியிட்ட ஆய்வில் இசைப் பயிற்சி பெற்றவர் 12 பேரும் பெறாதவர் 12 பேரும் பல வகை இசையைக் கேட்டார்கள். இசையின் வகையைவிட அதன் வேகமே மூச்சையும் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் மாற்றியது. விரைந்த இசை அவற்றை உயர்த்தியது. எல்லாவற்றையும்விடக் கூடுதலாக அமைதி தந்தது, இடையில் விடப்பட்ட 2 நிமிட மௌனம். மருந்தை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஒவ்வொரு பத்தாண்டிலும் பாடல்களின் ஒலியே மாறிவிடுகிறது. கலைஞர்களின் ரசனை மாறுவதாலா, மக்களின் ரசனை மாறுவதாலா?

பதில்: இரண்டுக்கும் முன்பு கருவி மாறுகிறது என்பதே என் பதில். ரசனை அதன் பின்னால் ஓடிவருகிறது.

1925 வரை ஒலிப்பதிவுக்கு மின்சாரம் பயன்படவில்லை. ஒரு பெரிய குழலின் வாய்க்கு எதிரே நின்று பாட வேண்டும். அந்த ஒலியின் வலிமையே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்க வேண்டும். எனவே உரத்த குரல் உடையவர்களே தட்டில் பதிவானார்கள்; மெல்லிய கருவிகள் ஒதுக்கப்பட்டன. 1925இல் மைக்கின் வழியாகப் பதியும் முறை வந்ததும், காதருகே வந்து முணுமுணுப்பதைப் போலப் பாட இயன்றது. அமெரிக்காவில் பிங் கிராஸ்பி போன்றவர்கள் அப்படிப் பாடிப் புகழ்பெற்றார்கள். இன்று அந்தக் குரல் நமக்குச் சாந்தமான பழைய பாட்டு; அன்று அது பலருக்கு அருவருப்பாக இருந்தது. பாஸ்டன் நகரின் கர்தினால் ஓ'கானல் 1932இல் அவ்வகைப் பாடலை இழிந்தது என்று வெளிப்படையாகவே கண்டித்தார். அயலார் வீட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஓர் ஆண் காதல் வசனம் முணுமுணுப்பதைப் போல அது அன்றைய காதுகளுக்குப் பட்டிருக்கிறது.

பாடலின் நீளமும் அப்படியே. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற 10 அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிடம்தான் பிடித்தது. அந்த 3 நிமிடத்துக்குள் அடங்குவதற்காகவே பாட்டு வெட்டித் தைக்கப்பட்டது. 1948இல் பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஓடும் நீண்ட தட்டு வந்துவிட்டது. ஆனால் தனிப்பாடல்களுக்காக 1949இல் வந்த 45 சுழற்சித் தட்டும், அதைச் சுழலவிட்ட வானொலி நிலையங்களும் 3 நிமிடத்தை விடாமல் பிடித்துக்கொண்டன. தட்டு போய்விட்டது, 3 நிமிடம் போகவில்லை.

எனக்குப் பிடித்த கதை ரோலண்ட் நிறுவனத்தின் 808 என்னும் தாளக்கருவியுடையது. ஜப்பானிய நிறுவனமான அது 1980இல் அக்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேளக்காரர் இல்லாமலே பாடலை ஒத்திகை பார்ப்பதற்கான கருவி என்பதே எண்ணம். ஆனால் அதிலிருந்து வந்த ஒலி எந்த மேளத்தையும் போல இல்லை. தாழ்ந்த அடி நெடுநேரம் முழங்கியது, கைத்தட்டல் கைத்தட்டலாகவே ஒலிக்கவில்லை. சுமார் 12,000 கருவிகளோடு, மூன்றே ஆண்டுகளில் உற்பத்தி நின்றுவிட்டது. விலைபோகாத கருவிகள் பழம்பொருளாகக் குறைந்த விலைக்குக் கிடைத்தபோது, பணவசதியில்லாத இளைஞர்கள் அவற்றை வாங்கி, எது குறையோ அதையே தங்கள் இசையின் முதுகெலும்பாக்கினார்கள். ஹிப்-ஹாப்பில் தொடங்கிய அந்த ஆழ்ந்த முழக்கம் இன்று உலகின் பெரும்பாலான ஜனரஞ்சக இசையில் இருக்கிறது. யாருடைய ரசனையும் முன்கூட்டி அதைக் கேட்டிருக்கவில்லை.

ஆட்டோ-டியூன் கதையும் இதற்கு உறவுதான். நிலத்தடியில் எண்ணெய் தேடுவதற்காக அதிர்வலைகளை ஆராய்ந்துவந்த ஆண்டி ஹில்டெபிராண்ட் என்னும் பொறியாளர், அதே கணிதத்தைக் கொண்டு குரலின் சுருதிப் பிழையைத் திருத்தும் மென்பொருளை 1997இல் வெளியிட்டார். திருத்தியது தெரியாமல் திருத்த வேண்டும் என்பதே நோக்கம். அடுத்த ஆண்டே, ஷெர் என்னும் அமெரிக்கப் பாடகியின் பாடலொன்றில் அதை எல்லை மீறி முடுக்கி, குரல் படிக்கட்டில் ஏறுவதைப் போல வெட்டி வெட்டி ஒலிக்கும்படி செய்தார்கள். மறைக்க வந்த கருவி ஓர் அணியாகிவிட்டது.

இன்று இணையவழி இசைச் சேவைகளில் ஒரு பாடல் 30 நொடி ஓடினால்தான் கணக்கில் சேரும் என்பது பொதுவான விதி. அதற்குள் கேட்பவர் தாண்டிப் போய்விடக் கூடாது. அமெரிக்காவில் முதல் 10 இடங்களுக்குள் வந்த பாடல்களை உபேர் லெவெயே கோவேன் ஆராய்ந்தபோது, 1980களின் நடுவில் 20 நொடிக்கு மேல் இருந்த முன்னிசை 2015இல் ஏறக்குறைய 5 நொடியாகச் சுருங்கிவிட்டிருந்தது. குரல் வருவதற்கு முன் கருவிகள் ஒரு சூழலைக் கட்டியெழுப்பும் அந்த நேரத்தை நான் இழப்பாகவே கருதுகிறேன். காத்திருப்பில்தான் பாதி இன்பம் என்று முதல் பதிலில் எழுதினேன். காத்திருக்கவே விடாத பாட்டு வேறு ஏதேனும் ஒரு வழியில் அந்தப் பாதியை ஈடுசெய்தாக வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 68. இக்காலப் பாடல்கள் எல்லாம் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. ஒன்றும் மனத்தில் நிற்பதில்லை. பழைய பாடல்களின் தரம் இப்போது இல்லை என்று ஒப்புக்கொள்வீர்களா?

பதில்: ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஸ்பெயினைச் சேர்ந்த ஜோவான் செர்ரா குழுவினர் 1955 முதல் 2010 வரையிலான 4,64,411 ஒலிப்பதிவுகளைக் கணினியில் அலசி, ஒலிகளின் வகைவகையான வண்ணம் குறைந்திருப்பதாகவும் உரப்பு கூடியிருப்பதாகவும் 2012இல் எழுதினார்கள். இந்த உரப்பு வெறும் சத்தம் அன்று. மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவது. மேடுபள்ளம் இல்லாத இடத்தில் சிலிர்ப்புக்கு வழி குறைவு. ஆனால் மத்தியாஸ் மாவ்க் குழுவினர் அமெரிக்காவில் 1960 முதல் 2010 வரை புகழ்பெற்ற சுமார் 17,000 பாடல்களை ஆராய்ந்து 2015இல் எழுதியது வேறுவிதமாக இருக்கிறது. 1964, 1983, 1991 ஆகிய மூன்று ஆண்டுகளை ஒட்டிப் பெருமாற்றங்கள் நேர்ந்தன; இடையில் பன்மை குறைந்ததும் கூடியதும் உண்டு; தொடர்ந்து குறைந்துகொண்டே வந்ததாக இல்லை. ஒன்றுபோல ஆகிவிட்டது என்னும் தீர்ப்பை இரண்டு ஆய்வுகளும் சேர்ந்து தரவில்லை.

தாங்கள் ஒப்பிடுபவை இரண்டும் சமமானவை அல்ல என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தங்கள் இளமையில் வெளிவந்த பாடல்களில் பெரும்பாலானவை மறக்கப்பட்டுவிட்டன. காலம் சலித்தெடுத்த சிலவற்றையே இன்று பழைய பாடல்கள் என்கிறோம். இன்றைய பாடல்களோ சலிக்கப்படாமல், உமியும் நொய்யுமாக, மொத்தமாக வந்து விழுகின்றன.

இவற்றையெல்லாம்விட வலுவான காரணம் வயது. மாரிஸ் ஹோல்புரூக்கும் ராபர்ட் ஷிண்ட்லரும் 1989இல் வெவ்வேறு வயதினரிடம் வெவ்வேறு காலத்துப் பாடல்களைப் போட்டுக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டபோது, தங்களுக்குச் சுமார் 23 அல்லது 24 வயதானபோது புகழ்பெற்றிருந்த பாடல்களையே மக்கள் மிகவும் விரும்பினார்கள். முதல் காதல், முதல் வேலை, வீட்டைவிட்டு முதன்முறையாக வெளியேறியது எல்லாம் ஏறத்தாழ அப்போது நடப்பவை; பாட்டு அவற்றோடு ஒட்டிக்கொள்கிறது. 1768இல் வெளியிட்ட இசை அகராதியில் ரூசோ ஒரு செய்தி சொல்கிறார்: அயல்நாட்டுப் படைகளில் கூலிக்குப் போரிட்ட சுவிஸ் வீரர்களிடையே அவர்களுடைய மலைநாட்டு இடையர் பாட்டு ஒன்றைப் பாடக் கூடாது என்று கடுந்தடை இருந்ததாம். கேட்டவர்கள் கண்ணீர் வடித்தார்கள், படையைவிட்டு ஓடினார்கள், ஏங்கி மடிந்தார்கள் என்கிறார். அப்பாட்டில் தனித்திறம் ஏதுமில்லை, அயலார் கேட்டால் ஒன்றும் ஆவதில்லை, அது இசையாக அல்லாமல் நினைவூட்டும் அடையாளமாகவே வேலை செய்தது என்று அவரே விளக்கமும் தருகிறார். தாங்கள் பழைய பாட்டுக் கேட்டுக் கலங்குவதில் ஒரு பங்கு அந்தச் சுவிஸ் வீரருடையது. இன்று 20 வயதில் இருப்பவர் தம் 68ஆம் வயதில் எந்தப் பாட்டைக் கேட்டுக் கலங்குவார் என்று எண்ணிப் பாருங்கள். அது தாங்கள் இன்று சகிக்க முடியாமல் நிறுத்திவிடும் பாட்டாகவே இருக்கக்கூடும்.

முதல் பதிலில் சொன்ன ஊகத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மெட்டின் போக்கை ஊகிக்கப் பழகிய காது, ஒரே மெட்டைத் திருப்பித் திருப்பிச் சொல்லும் பாட்டில் ஊகிக்க ஒன்றுமில்லை என்று அலுத்துக்கொள்கிறது. அந்தப் பாட்டில் அசைவெல்லாம் தாழ்ந்த முழக்கத்திலும், ஒலியின் வண்ணம் மாறுவதிலும், தாளம் ஒரு கணம் இல்லாமற்போய்த் திரும்ப வந்து விழுவதிலும் நடக்கிறது. அந்த இடத்தில் காதை வைக்கத் தெரிந்த இளைஞருக்கு அங்கே தவிப்பும் உண்டு, நிறைவும் உண்டு. இசையின் முறை மாறினால் நாட்டின் சட்டமே ஆட்டங்காணும் என்று பிளேட்டோ 2,300 ஆண்டுகளுக்கு மேல் முன்னரே கவலைப்பட்டிருக்கிறார். தாங்கள் தனியாக இல்லை.

கேள்வி: என் மகள் கேட்கும் பாடல்களை நானும் ரசிக்க விரும்புகிறேன். முயன்றும் முடியவில்லை. வழி உண்டா?

பதில்: உண்டு. ஒரு பொருளைத் திரும்பத் திரும்பக் காண்பதே அதன்மேல் விருப்பத்தை வளர்க்கும் என்று ராபர்ட் ஸயோன்ஸ் 1968இல் காட்டினார். அளவு மீறினால் அதே பழக்கம் சலிப்பாகிவிடும். எனவே பத்துப் புதிய பாடல்களை ஒவ்வொரு முறை கேட்பதைவிட, ஒரு பாடலைச் சில நாள் இடைவெளி விட்டு நாலைந்து முறை கேளுங்கள். எந்தப் பாடல் என்பதை மகளே தேர்ந்து தரட்டும். அதில் எந்த இடம் பிடிக்கிறது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், காத்திருப்பதற்கு ஓர் இடம் கிடைக்கும்.

இன்னொன்று, எளியது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் தாழ்ந்த அதிர்வுகளை எழுப்ப முடியாது; இன்றைய பாடல்களின் உயிர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அதில் கேட்டுவிட்டு வெறும் டப்பா ஓசை என்று முடிவு செய்வது அப்பாட்டுக்கு இழைக்கும் அநீதி. வயது ஏற ஏற உயர்ந்த அதிர்வுகள் காதுக்கு எட்டுவது குறைவதால், நெருக்கமாகக் கோத்த கருவிகளுக்கு நடுவே பாடலின் சொற்களைப் பிரித்தறிவதும் கடினமாகிறது. நல்ல ஹெட்போன் ஒன்றை மகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, வரிகளை எழுத்தில் பார்த்தபடி, ஒலியை அளவாக வைத்துக் கேட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் அதையும் அவளிடமே சொல்லலாம். எந்த இடத்தில் பிடிக்காமல் போயிற்று என்று சொல்லத் தெரிந்திருக்கும்.